விற்பவரின் கோப்பியைக் குடிக்காத பெண்

1

நான் விமானம் வாங்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் வேறு கதை நடக்கிறது.

போன ஞாயிறு காலை என் மனைவி ராணியின் தம்பி கோண்டாவிலிலிருந்து அழைத்தான். வழக்கமாக முதலில் இங்கத்தைய குளிரைப் பற்றிக் கேட்பான், பிறகு தமக்கையின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பான், மூன்றாவதாகத்தான் விஷயத்துக்கு வருவான். அன்று நேரே வந்தான்.

"என்ன அத்தான், பிளேன் வாங்கிப்போட்டியளாம்?"

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. கோயில் கூட்டத்திலையும் கதைச்சவை. தேர்முட்டி திருத்திறதுக்கு இனி உங்களைத்தான் கேக்கவேணும் எண்டு முடிவெடுத்திருக்கினம்."

"டேய், அது நாலு பேர் இருக்கிற சின்னச் சாமான். பழசு. எங்கட பிள்ளை ஆரணி தன்ர ரெண்டு சிநேகிதரோட சேர்ந்து வாங்கினது. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"அப்ப, பிளேன் இருக்கு."

"இருக்கு."

"அதைத்தானே அத்தான் நானும் சொன்னனான்."

அழைப்பு முடிந்தபோது தேர்முட்டிக்கு நான் ஒப்புக்கொண்டேனா இல்லையா என்பது எனக்கே விளங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அந்த விமானத்தில் நாலு பேர் போகலாம், நாலு பேரும் மெலிந்தவர்களாக இருந்தால். கழிவறை கிடையாது. அதில் பலாலிக்கு வந்து இறங்க முடியாது. ரொறொன்ரோ போய் வரவே நடுவில் எண்ணெய் அடிக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அதற்கு ஐம்பத்தொன்று. விலையை மூன்று பேருக்கும் பிரித்தால், நீங்கள் ஊரில் கலியாண வீட்டுக்கு எடுக்கும் வான் வண்டி ஒரு பங்கைவிட விலை கூட.

என் காசு அதில் ஒரு சதமும் இல்லை. ஆனால் என் கைவேலை ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விட்டால் கோண்டாவிலில் அதையும் வேறு மாதிரித்தான் சொல்லுவார்கள்.

2

நான் இங்கே பிரெஞ்சு பேசும் பக்கத்தில், பியர்பொன்ட்ஸில் இருக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறி, ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். அங்கே விமானங்களின் சக்கரக் கால்களுக்குள் போகும் வெண்கல வளையங்கள் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. செய்ததை அளந்து பார்த்து முத்திரை குத்துகிறேன். என் முத்திரைக்கு ஓர் இலக்கம் உண்டு. இருபத்தொரு வருடங்களாக அந்த இலக்கம்தான் நான். வந்த புதிதில் செயின்ட்-மிஷேலில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு உணவகத்தில் கோப்பை கழுவினேன், அங்கே எனக்கு இலக்கமும் இருக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரேயொரு விதிதான் எனக்குப் பிடிக்கும். செய்தவன் முத்திரை குத்தக்கூடாது. செய்தவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும் கூடாது. அவனுடைய கண் அவனுடைய பிழையைத் தாண்டிப் போய்விடும். ஊரில் இந்த விதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அங்கே வீடு கட்டிய மேசனிடமே "நல்லாக் கட்டியிருக்கிறியோ?" என்று கேட்பார்கள். அவன் "ஓம்" என்பான். குடி புகுந்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். விற்றவர் எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார். வாத்தியாரிடம் போய் "இதை வேறு ஆளைக் கொண்டு பார்க்கலாமோ?" என்று யார் கேட்பது? வாங்கி மூன்றாம் நாள் மருதனார்மடம் சந்தியில் படுத்துவிட்டது. கராச்சில் கழற்றினால், முன்பாதி ஒரு சைக்கிள், பின்பாதி இன்னொன்று. வாத்தியாருக்கே அது தெரியாது என்று ஊர் சொன்னது. தெரியாமல் இருக்கலாம். எனக்கு அதுவா பிரச்சினை? ஏழு கட்டை, ஏழு மைல், உருட்டிக்கொண்டு போனவன் நான்.

விமானச் சத்தம் எங்கள் தலைமுறைக்கு என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே எங்கள் வீடு பெரிய விமான நிலையத்துக்குக் கிட்ட. குடிவந்த முதல் கோடையில், புல் வெட்டும்போது மேலே சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுவரோடு போய் நிற்பேன். ஆரணிக்கு அப்போது ஐந்து வயது. அதே சத்தத்துக்கு அவள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடி வருவாள். அப்பாவும் பிளேன் பார்க்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் திருத்தவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தெட்டு. ஒரே பிள்ளை. மருத்துவம் படிப்பாள் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். அம்புலன்ஸில் வேலை செய்கிறாள். தனியாக ஒரு அறை எடுத்து இருக்கிறாள். சிநேகிதரோடு பிரெஞ்சு, கோபம் வந்தால் ஆங்கிலம், தாயிடம் சாப்பாடு கேட்கும்போது தமிழ். என்னிடம் எந்த மொழியிலும் எதுவும் கேட்பதில்லை. விமானம் ஓட்டப் பழகியதையே, அனுமதிப் பத்திரம் கையில் வந்த பிறகுதான் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் மாசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தில் இருந்த பனியைக்கூடத் தட்டாமல் கேட்டாள்: "அப்பா, நாங்கள் ஒரு பிளேன் பாத்திருக்கிறம். ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கதானே இன்ஸ்பெக்டர்."

நான் பார்ப்பது கைவிரல் நீள வளையம். முழு விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லவில்லை. "எப்ப போறம்?" என்று கேட்டேன்.

3

விற்பவர் பெயர் நோர்மான். எழுபத்துநாலு வயது. முப்பது வருடம் பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன விமானத் திடலில், தகரக் கொட்டகைக்குள் விமானத்தை வைத்திருந்தார். இளமஞ்சள் நிறம். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவருடைய பிரெஞ்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். பிடிபட்ட பாதியை என் தமிழில் எழுதுகிறேன்.

"பத்தொன்பது வருசமா ஒரே ஆள்தான் இதைப் பாத்துக்கொள்ளுறார்," என்றார் பெருமையாக. "வருசாந்தப் பரிசோதனையும் அவர்தான். போன மாசம்தான் முடிச்சவர்."

"ஆர் அவர்?"

"என்ர மனைவியின்ர தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, குளிர் தின்று, பிரெஞ்சு படித்து, கடைசியில் வந்து நின்றது மச்சான்மார் முத்திரை குத்தும் இடத்தில்.

வரும் வழியில் காருக்குள் சண்டை. ஆரணி ஓட்டினாள், நான் பக்கத்தில், ராணி பின்னால்.

"வேற ஒரு ஆள் பாக்கவேணும்," என்றேன். "நோர்மானைத் தெரியாத ஆள். மச்சானையும் தெரியாத ஆள்."

"அப்பா, அவர் பாவம். மனிசி செத்துப்போச்சு, கண்ணும் சரியில்லை, அதாலதான் விக்கிறார். எனக்குக் காத்து எப்பிடிப் பாக்கிறதெண்டு சொல்லித் தந்ததே அவர்தான். வேற ஆளைக் கொண்டுபோனா அவரை நம்பேல்லை எண்டு நினைப்பார்."

"நம்பேல்லைத்தான்."

"அந்தாளைப் பாத்தா நல்ல மனுசன் மாதிரித்தான் கிடக்கு," என்றாள் ராணி பின்னாலிருந்து.

"நல்ல மனுசனை நாங்கள் வாங்கேல்லை, ராணி. எஞ்சினைத்தான் வாங்கிறம்."

இந்த ராணிதான், தன் தங்கைக்கு ஸ்கார்பரோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்தபோது, அவனுடைய பழைய வீட்டுக்காரர், வேலையிடத்து மேற்பார்வையாளர், அவன் தலைமயிர் வெட்டும் கடைக்காரர் வரை ஆள் விட்டு விசாரித்தவள். மாப்பிள்ளை பிழைத்தால் பிரிந்து வரலாம். ஆயிரம் மீற்றர் உயரத்தில் எஞ்சின் பிழைத்தால் எங்கே வருவது? இதைச் சத்தமாகச் சொன்னேன். பாலம் தாண்டிய பிறகு ஆரணி, "சரி. நீங்களே ஆளைக் கண்டுபிடியுங்கோ," என்றாள்.

4

கண்டுபிடிக்க மூன்று கிழமை ஆனது. சின்ன விமானக்காரர் உலகம் எங்கள் சங்கங்களைவிட மோசம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ முறை. முதலில் அழைத்தவர் நோர்மானோடு மீன் பிடிக்கப் போகிறவர். இரண்டாமவர் மச்சானிடம் தொழில் பழகியவர். மூன்றாமவர் யாரையும் தெரியாதவர், ஆனால் ஆவணிக்குப் பிறகுதான் வருவாராம். நாலாவதாகக் கிடைத்தவள் லுசீ. இரண்டு மணி நேரத் தூரத்தில் இன்னொரு திடலில் திருத்தகம் வைத்திருப்பவள். தொலைபேசியில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "விற்கிற ஆளின்ர பெயர் என்ன?" என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "தெரியாது. சரி, வருவன்," என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் அனுப்பிய பத்திரம் பிரெஞ்சில் மூன்று பக்கம். யாருக்காகப் பரிசோதிக்கிறாள், யார் அவளுக்குக் கொடுப்பது, அறிக்கை யாருடையது, எல்லாம் இருந்தது. அறிக்கை, வாங்குபவருடையது; விற்பவருக்கு அதில் கை வைக்க உரிமை இல்லை. இப்படியொரு தாள் மருதனார்மடம் சந்தியில் என்னிடம் இருந்திருந்தால்.

ஆனால் லுசீக்குக் கிடைத்த நாள் பத்து நாள் தள்ளி. நோர்மான் அதுவரை பிடித்து வைக்க முற்பணம் கேட்டார். பரிசோதனையில் பிழை வந்தால் திருப்பித் தருவதாக எழுதித் தந்தார். நியாயமான ஏற்பாடு. அதற்குள் ராணி நாள் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் வாகனத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

நான் கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டேன்.

"வாகனத்தைக் கோயிலுக்குக் கொண்டு வாங்கோ, சபா," என்றார்.

"ஐயா, அது பிளேன்."

"பார்க்கிங்கில இடம் காணாதோ?"

காணாது என்று விளங்கப்படுத்தினேன். யோசித்துப் பார்த்து, திருநீறும் குழைத்த சந்தனமும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தந்தார். "நீங்களே மூண்டு இடத்தில வைச்சு விடுங்கோ. நோக்கம்தான் முக்கியம்."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு, நோர்மானும் ஆரணியும் கொட்டகையின் பக்கத்து அறைக்குள் தாள்களில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ராணியும் விமானத்தோடு நின்றோம். எனக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. ராணி தேசிக்காய் மூன்றை எடுத்து மூன்று சக்கரத்துக்கும் முன்னால் வைத்தாள். உருட்டக்கூடாது என்று நோர்மான் சொல்லியிருந்ததால் தேசிக்காய்கள் முழுசாகவே வீட்டுக்குத் திரும்பின.

"சந்தனத்தை வையுங்கோவன். நேரம் போகுது," என்றாள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"எங்க வைக்கிறது?"

"நெத்தி மாதிரி ஏதாவது இடம் இருக்கும்."

மூக்கில் ஒன்று வைத்தேன். பிறகு இடது பக்கம் வந்தேன். கதவுக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில், சில்லறைக் காசு அளவில் ஒரு வட்டத் தகடு. நடுவில் ஊசி முனை போல ஒரு துளை. பொட்டு வைப்பதற்கென்றே தொழிற்சாலையில் செய்து அனுப்பியது போல இருந்தது. மோதிர விரலால் நன்றாக அழுத்தி வைத்தேன்.

5

லுசீ ஐம்பது வயதுக்காரி. கட்டை உருவம், கட்டை மயிர். தன் வான் வண்டியிலிருந்து தன் ஏணியை இறக்கினாள், தன் விளக்கை இறக்கினாள். நோர்மான் எங்கள் எல்லோருக்கும் கோப்பி ஊற்றி வைத்திருந்தார். அவள் தன் குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.

"விற்கிறவற்ர கோப்பி நான் குடிக்கிறேல்லை, மிஸ்யூ. வாங்கிறவற்ரயும் குடிக்கிறேல்லை."

நான் எடுத்த கோப்பியை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டேன்.

நாலு மணி நேரம் பார்த்தாள். மூடிகளைக் கழற்றி, விளக்கைப் பிடித்து, ஒரு சின்னக் கண்ணாடியைத் தடியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். நானும் பின்னாலேயே திரிந்தேன். வலப்பக்க இறக்கைச் செட்டைக்குள் ஓர் எலிக்கூடு இருந்தது, பழசு, ஆளில்லாதது. அது பெரிதில்லை என்றாள். பிறகு எஞ்சினுக்குக் கீழே படுத்தவள் கனநேரம் எழும்பவில்லை. புகை போகும் பெட்டியில் ஒரு வெடிப்பு, மயிரிழை மாதிரி. குளிருக்குச் சூடு அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் உள்ளே வருகிறது. வெடிப்பு வளர்ந்தால் சூட்டோடு விஷப்புகையும் வரும், ஓட்டுபவருக்கு நித்திரை வருவது போல இருக்கும், அவ்வளவுதான். இதை அவள் நோர்மானிடம் சொல்லவில்லை, ஆரணியிடம் சொன்னாள். நோர்மான் தள்ளி நின்று கேட்டார்.

"அவர் ரெண்டு மாசத்துக்கு முன்னம்தானே பாத்தவர்," என்றார் மெல்ல.

"பாத்திருப்பார்," என்றாள் லுசீ. "பத்தொன்பது தரம் பாத்ததை இருபதாம் தரம் ஆரும் பாக்கிறேல்லை."

நான் ஆரணியைத் திரும்பிப் பார்த்தேன். சொன்னேன்தானே என்ற பார்வை. மறைக்க முயலவும் இல்லை. அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக நான் இரண்டு பஸ் இல்லை, இருபது பஸ் மாறியிருப்பேன்.

அப்போதுதான் லுசீ இடது பக்கம் போனாள். விளக்கை அந்த வட்டத் தகட்டுக்குக் கிட்டப் பிடித்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"இதை ஆர் அடைச்சது?"

யாருக்கும் விளங்கவில்லை. அவள் சொன்னாள்: விமானம் வெளிக்காற்றை உணர்வது இந்தத் துளையால். எவ்வளவு உயரத்தில் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஓட்டுபவருக்கு முள்ளால் காட்டும் கருவிகள், அந்த மணிக்கூடுகள், இந்தத் துளையை நம்பித்தான் இருக்கின்றன. இதை அடைத்தால் அவை பொய் சொல்லும். புறப்படுமுன் சுற்றிப் பார்க்கும்போது கண்டுபிடிக்கலாம். ஆனால் அடைத்த பொருள் விமானத்தின் நிறத்திலேயே காய்ந்திருக்கிறது. "நானே விளக்கில்லாமல் கண்டிருக்க மாட்டன்," என்றாள்.

நான் வெடித்தேன். என் பிரெஞ்சு கோபத்தில்தான் நன்றாக வரும். இதுவா உன் பத்தொன்பது வருடம், இதுவா உன் மச்சான், இந்தப் பிள்ளை பின்னேரம் உன்னோடு பறந்து பார்ப்பதாக இருந்தாளே, உனக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டேன். நோர்மான் தகட்டுக்குக் கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். தன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்பதை எங்களிடமிருந்து மறைக்கப் பார்த்தார்.

"சரி. போதும்," என்றாள் ஆரணி. "இது வேண்டாம். நான் அவையளுக்குச் சொல்லிப்போட்டு வாறன்." சிநேகிதரை அழைக்கத் தொலைபேசியோடு வெளியே போனாள்.

லுசீ ஒரு வெள்ளைத் துணியில் அந்தத் தூளைத் தட்டினாள். முகர்ந்தாள். "வாசமா இருக்கு," என்று சொல்லித் துணியை என் பக்கம் நீட்டினாள்.

எங்கள் வீட்டுச் சாமி அறை மணத்தது.

இதை நேராகவே எழுதுகிறேன். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. முதலில் வந்தது நிம்மதி. வாய் திறக்காமல் நின்றால் போதும். இந்த விமானம் வேண்டாமென்று பிள்ளையே சொல்லிவிட்டாள். இன்னொன்று தேட ஒரு வருடம் ஆகும், ஒரு வருடத்தில் ஒரு மாப்பிள்ளை வரலாம், வீடு வாங்கும் யோசனை வரலாம், ஆசை போகலாம். அவள் பறப்பதை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. பரிசோதனை, பரிசோதனை என்று நான் கத்தியதில் பாதி, ஏதாவது ஒரு பிழை அகப்படட்டும் என்றுதான். அகப்பட்டுவிட்டது. பழி நோர்மானோடு போகும். அவர் எனக்கு யார்?

அவர் அப்போதும் அந்தத் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையில் ஒருமுறை நான் பிழையாக முத்திரை குத்திய ஒரு பெட்டி வெளியே போய்விட்டது. வீடு வரும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பிப் போய்ச் சொன்னேன். நல்ல திட்டு விழுந்தது. வேலை போகவில்லை. ஒளித்திருந்தால் போயிருக்கும். அதனால்தான் அன்றும் சொன்னேன் என்று எழுத ஆசை. உண்மையில் காரணம் எனக்குத் தெரியாது. வாய் திறந்துவிட்டது.

"நான்தான்," என்றேன். "நான் வைச்சது."

லுசீ என்னைப் பார்த்தாள். "இன்னும் எங்கயாவது வைச்சனீங்களோ?"

"மூண்டு."

"மூக்கில இருந்ததைத் துடைச்சிட்டன். கிறீஸ் எண்டு நினைச்சன். இது ரெண்டாவது. மூண்டாவது எங்க?"

எனக்கு ஞாபகமே இல்லை. லுசீ விளக்கை எடுத்தாள். நான் வால் பக்கம் முழங்காலில் போனேன். நோர்மான், தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு, செட்டைக்குக் கீழே விரலால் தடவித் தடவித் தேடினார். ஆரணி திரும்பி வந்தபோது மூன்று பேரும் நாலு காலில் நின்றோம்.

"என்ன தேடுறியள்?"

தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாள் பார்த்தது முதல். அவள் சத்தம் போடவில்லை. அம்புலன்ஸில் நோயாளியின் உறவினரோடு கதைக்கும் குரல் ஒன்று அவளுக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கேட்டேன்.

"அப்பா, நான் மேகத்துக்குள்ள போயிருந்தா எனக்கு உயரம் தெரிஞ்சிராது. விளங்குதா? ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்."

தாயை அழைத்தாள். "அம்மா, அண்டைக்கு எடுத்த படம் எல்லாத்தையும் அனுப்புங்கோ. ஏனெண்டு பேந்து சொல்லுறன்." படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நின்று, தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். விமானத்துக்குப் பக்கத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது பொட்டு என் நெற்றியில் இருந்தது.

லுசீ எட்டிப் பார்த்தாள். "அது பரவாயில்லை. அங்க அடைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை," என்றாள்.

நோர்மான் ஒரு கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஓட்டுபவர் முகத்துக்கு நேரே ஒட்டியிருந்த ஒரு சின்னப் பதக்கத்தைக் காட்டினார். பயணிகளைக் காக்கும் புனிதராம், செத்துப்போன மனைவி ஒட்டியதாம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது என் பிரெஞ்சு ஒரு வசனத்தோடு தீர்ந்துவிட்டது.

6

அறிக்கை பதினொரு பக்கம் வந்தது. புகைப்பெட்டி, எலிக்கூடு, தேய்ந்த ரயர், எல்லாம் வரிசையில். ஒன்பதாவது பக்கத்தில் இடப்பக்கக் காற்றுத் துளை சந்தனக் குழம்பால் அடைக்கப்பட்டிருந்தது, மூலம்: வாங்குபவரின் தகப்பன், என்று இருந்தது. இந்த நாட்டில் என் குடியுரிமைத் தாளில் என் பெயரைப் பிழையாக எழுதினார்கள், சாரதிப் பத்திரத்தில் பிறந்த திகதியைப் பிழையாக எழுதினார்கள். என்னைப் பற்றி ஒரு பிழையும் இல்லாமல் எழுதப்பட்ட ஒரே பத்திரம் அதுதான். ராணி அதைப் பார்த்து, "சந்தனம் எண்டு பிரெஞ்சில எழுதத் தெரிஞ்சிருக்கே அவளுக்கு," என்றாள். அவளுக்கு அதுதான் ஆச்சரியம்.

புகைப்பெட்டியை நோர்மான் தன் செலவில் மாற்றிக் கொடுத்தார், மச்சானைக் கொண்டு இல்லை, வேறு ஆளைக் கொண்டு. லுசீ திரும்ப வந்து பார்த்தாள். அந்தத் துளையிலிருந்து மணிக்கூடுகள் வரை போகும் குழாயைக் காற்றடித்துச் சோதித்து, சரி என்று எழுதினாள். ஆரணி சிநேகிதரைத் திரும்ப அழைத்து, வாங்குவோம் என்றாள். விமானம் கைமாறியது. அன்றைக்கு நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்று ராணி மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

இரண்டு மாதம் ஆரணி என்னைத் திடலுக்கு வர விடவில்லை. தாயைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சிநேகிதரின் நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வளையங்களை அளந்தேன், முத்திரை குத்தினேன், புல் வெட்டினேன்.

பிறகு ஆனியில் ஒரு சனிக்கிழமை காலை அழைத்தாள். "அப்பா, நீங்க எத்தினை கிலோ?"

"எழுபத்தெட்டு. ஏன்?"

"வெளிக்கிட்டு வாங்கோ."

போனேன். கொட்டகை வாசலில், சீமெந்துத் தரையில், தன் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். கையில் ஒரு தாள். ஏறுபவர்களின் நிறையைக் கூட்டிப் பார்த்துத்தான் எண்ணெய் அடிப்பார்களாம்.

"எழுபத்தெட்டு எண்டு சொன்னனான்தானே," என்றேன்.

"சொன்னீங்கள்தான்."

"சப்பாத்தைக் கழட்டவோ?"

"வேண்டாம். சப்பாத்தும் சேர்ந்துதானே பறக்கப்போகுது."

ஏறினேன். குனிந்து பார்த்தாள். "எண்பத்தாறு," என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுதினாள்.

இறங்கி விமானத்தின் பக்கம் ஓர் அடி வைத்தேன். கையை நீட்டி மறித்தாள்.

"சட்டைப் பையில என்ன கிடக்கு?"

மூக்குக் கண்ணாடி. வீட்டுத் திறப்பு. பஸ் அட்டை. கைலேஞ்சி. ஒவ்வொன்றாக எடுத்துத் தராசின் மேல் வைத்தேன். கைலேஞ்சியை விரித்து உதறிக் காட்டச் சொன்னாள், உதறிக் காட்டினேன். காற்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து, வெறும் துணி தொங்க, அப்படியே நின்றேன். கைகளையும் விரிக்கச் சொன்னாள். விரித்தேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அவசரப்படாமல், மோதிர விரலை மட்டும் இரண்டு தரம்.

பிறகு கதவைத் திறந்தாள்.